பழைய ஜீப், புது மாப்பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தம்பியின் கல்யாணத்துக்குப் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று பேசியிருக்கிறோம். கோயிலிலிருந்து மண்டபம் மூன்று கிலோமீற்றர். மேளத்தோடு நடை வேகத்தில் போக ஆசை. சொந்தக்காரரோ, "நடை வேகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓட்ட மாட்டேன்" என்கிறார். காசு கூட்டிக் கேட்பதற்கான சாட்டா இது? – களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: சாட்டில்லை. இப்படிச் சொல்கிறவரிடம் ஜீப்பை நம்பி எடுக்கலாம். "எவ்வளவு நேரமும் ஓடும்" என்பவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

அந்த ஜீப்பின் விசிறியைச் சுற்றுவது எஞ்சின் பெல்ற். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். ஓட்டத்தில் முன்னால் அடிக்கிற காற்றும் நடை வேகத்தில் கிடைக்காது. கச்சான் காற்றுக் காலத்தில், பின்னேரம் நான்கு மணிக்கு, தார் வீதியின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். போதாக்குறைக்குக் கல்யாண வீட்டார் முன் கிறிலை மறைத்துப் பெரிய பூமாலை கட்டுவார்கள். ரேடியேற்றருக்குக் காற்றுப் போகும் வழியே அந்தத் துளைகள்தான். மாலையை பொனற்றின் மேலும் இரண்டு மட்காட்டிலும் கட்டுங்கள், கிறிலை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தொல்லை பெற்றோல். எஞ்சின் சூடு ஏறியதும் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிவிடும். பம்பால் ஆவியை இழுக்க முடியாது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நிற்கும். அப்போது திரும்பத் திரும்ப ஸ்ராற்றரை அமத்தினால் பற்றரியும் இறங்கிவிடும். பொனற்றைத் திறந்து, பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். எஞ்சின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் வார்ப்பிரும்பு வெடிக்கும். ரேடியேற்றர் மூடியையும் தொடாதீர்கள். ஐந்து லீற்றர் தண்ணீரும் இரண்டு பழந்துணியும் பின்னால் இருக்கட்டும்.

சாரதியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "லோ கியரில் போடுவீர்களா?" வழக்கமான கியர்களோடு சேர்த்துப் போட்டு, வேகத்தை இன்னும் குறைக்கும் தனிக் கியர் அது. முதலாம் கியரையும் லோ கியரையும் சேர்த்துப் போட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஜீப் மணிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் போகும். சரியாக மேளக்காரரின் நடை. கிளச்சை அரைகுறையாக மிதிக்கத் தேவையில்லை, விசிறியும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஆனால் அந்த ஜீப்பில் லோ கியர் விழ வேண்டுமென்றால் நான்கு சில்லும் சேர்ந்து இழுக்க வேண்டும். தார் வீதியில் நேரே போகும்வரை பரவாயில்லை. முடக்கில் ரயர் இழுபட்டு, கியர்ப் பெட்டிக்குள் முறுக்கு ஏறும். முடக்கு வந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

மூன்று கிலோமீற்றரை நடை வேகத்தில் போக 36 நிமிடம் எடுக்கும். ஆகவே கோயிலடியில் 500 மீற்றர், மண்டபத்தடியில் 500 மீற்றர் என இரண்டு துண்டுக்கு மட்டும் மேளம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 25, 30 வேகத்தில் விட்டால் ரேடியேற்றருக்குக் காற்றுப் பட்டு, சூடு காட்டும் ஊசி இறங்கும். மேளக்காரரை வேனில் ஏற்றி முன்னே அனுப்பிவிடலாம்.

கேள்வி: சோடனை வேலை செய்கிறேன். ஜீப்பில் எல்.ஈ.டி. லைற் கட்டினேன், மங்கலாகக்கூட எரியவில்லை. இன்னொருவரின் லாண்ட் ரோவரில் காந்தத்தால் பூத்தட்டு ஒட்டப் போனால் அது ஒட்டவேயில்லை. – அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் பழுதல்ல. போர்க்கால வில்லிஸ் ஜீப் 6 வோல்ற், உங்கள் லைற் 12 வோல்ற். லாண்ட் ரோவரின் உடம்பில் பெரும்பகுதி அலுமினியக் கலவை, காந்தம் பிடிக்காது. துணி நாடாவால் கட்டுங்கள். ஒட்டுநாடாவைப் பெயின்ற் மேல் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்றும் சேர்ந்து வரும்.

லாண்ட் ரோவரில் இன்னொரு பொறி இருக்கிறது. தொடக்க காலத்து வண்டிகளில் பற்றரியின் பிளஸ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய வாகனத்தில் செய்வதுபோல மைனஸ் என்று நினைத்து அம்பிளிபயரை மாட்டினால் அது அங்கேயே கருகும். எந்தப் பழைய வண்டியின் வயரிலும் கை வைக்காமல் தனியாக 12 வோல்ற் பற்றரி ஒன்றைப் பின்னால் கட்டிக்கொள்வதே சுகம். மீற்றருக்கு 5 வாற் எடுக்கும் எல்.ஈ.டி. பட்டி பத்து மீற்றர் என்றால் ஏறத்தாழ 4 அம்பியர். நான்கு மணித்தியாலத்துக்கு 16 அம்பியர் மணி. 45 அம்பியர் மணிப் பற்றரி தாராளம். பற்றரியின் வாயிலேயே 10 அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள்.

கேள்வி: "உலகப் போர் ஜீப்" என்று சொல்லிக் கூடிய வாடகை கேட்கிறார்கள். உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது? – கல்முனை

பதில்: முன் கிறிலின் துளைகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் போர்க்கால ஜீப்பின் கிறில், ஏழு என்றால் 1945 முதல் பொதுமக்களுக்காகச் செய்தது. பின்பக்கம் திறக்கும் பலகை இருந்தாலும் பிந்தியதுதான். கிறில் மாறியிருக்கலாம், ஆகவே வாகனப் புத்தகத்தையும் பாருங்கள். ஸ்ரியறிங் இடப்பக்கம் இருப்பதில் சாரதி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: முன்னால் போகும் பஸ்ஸை முந்த அவருக்கு வீதி தெரியாது. முந்தாமலே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பாசிக்குடாவில் ஹோட்டல் விழா ஒன்று. உலகப் போரில் மூழ்கிய ஹேர்மீஸ் கப்பலின் நினைவாக ஜீப் ஒன்றைக் கடற்கரையில் நிறுத்தி, விருந்தினர் ஏறிப் படம் எடுக்க வைக்கலாமா?

பதில்: மணலில் வேண்டாம், புல்தரையில் நிறுத்துங்கள். உப்புக் காற்றும் மணலும் சில்லின் பெயாரிங்குக்குள் போனால் திருத்தும் செலவு வாடகையை விழுங்கும். வண்டியின் எடை ஒரு தொன்னைத் தாண்டும். கைப் பிறேக் பிடிப்பதோ சில்லையல்ல, கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள தண்டை. ஆகவே சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் சொட்டும், அடியில் தகரத் தட்டு வேண்டும். பெற்றோல் ராங்கி சாரதி இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் பக்கத்தில் சிகரெற்றும் வாணமும் கூடாது.

ஹேர்மீஸை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அன்றே போனது. ஜீப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை, காலம் மட்டுமே ஒன்று. பலகையில் அப்படியே எழுதுங்கள். பொனற்றில் அமெரிக்கப் படையின் வெள்ளை நட்சத்திரம் வரையாதீர்கள். ஹேர்மீஸ் பிரித்தானியக் கப்பல்.

கேள்வி: மாப்பிள்ளையின் நண்பர்கள் இராணுவ உடுப்பும் விளையாட்டுத் துவக்கும் கொண்டு ஜீப்பில் வர நினைக்கிறார்கள். அம்மம்மா பச்சை ஜீப்பே வேண்டாம் என்கிறா. – கொக்கட்டிச்சோலை

பதில்: அம்மம்மா சொல்வதே சரி. பச்சை வண்டி வீட்டு வாசலில் நின்றால் நெஞ்சு பதறுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். படையினர் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு சீருடை போடுவது தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றமும்கூட. துவக்கு, விளையாட்டானாலும், சோதனைச் சாவடியில் விளையாட்டாக இருக்காது. வெள்ளையோ சிவப்போ பூசிய ஜீப் தேடுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? – அம்பாறை

பதில்: வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் அன்றைய திகதிக்குச் செல்லுபடியா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்தில் கைகொடுக்காமல் போகலாம். கம்பனியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வருவதானால் லொறியில் ஏற்றி வரும் கூலி யாருடையது, வழியில் நின்றால் முற்பணம் எவ்வளவு திரும்பும், சாரதி யார் என்பவற்றை எழுதுங்கள். பெண்ணை ஏற்ற ஒரு சின்ன மரப்படி கேளுங்கள். கதவில்லாத வண்டி, கூறைச்சேலைத் தலைப்பு பின்சில்லுப் பக்கம் பறக்கும். ஏறியவுடன் மடித்து மடிக்குக் கீழே வைத்து இருக்கச் சொல்லுங்கள்.