ஜனவரி முதல் வாரம் சென்னையில் எங்கே போகலாம்? கேள்வி பதில்

மார்கழியின் பிற்பாதி. கச்சேரியும் கோலமும் பறவைகளும் ஒரே வாரத்தில் கிடைக்கும் காலம் இது. நம் குழு உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே.

கே: கச்சேரிக்குப் போனதே இல்லை, ராகமும் தெரியாது. டிக்கெட் விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

மதியக் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான சபாக்களில் (கச்சேரி நடத்தும் அமைப்புகளில்) மதிய நேரத்தில் இளைய கலைஞர்கள் பாடுவார்கள். அனுமதி இலவசம், முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். முதலில் வர்ணம் என்னும் தொடக்க உருப்படி, அடுத்து சில சிறிய கீர்த்தனைகள், பிறகு ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), கற்பனை சுரம் (அப்போதே கற்பனையில் ச ரி க ம பாடுவது) எல்லாம் சேர்ந்த முக்கிய உருப்படி, அதைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது), கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாடல்கள். பெரும்பாலும் இந்த வரிசைதான்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்து போய்விடும். நீங்கள் போகாதீர்கள். ராகம் தெரியாதவருக்கு எளிதில் பிடிபடுவதே அந்தப் பகுதிதான். ஆதி தாளமென்றால் எட்டு எண்ணிக்கை: தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள். முடிவில் ஒரே கோர்வையை (கோத்துக் கட்டிய தாளச் சொற்கட்டை) மூன்று முறை வாசித்து, பாட்டின் எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து இறங்குவார்கள். உங்கள் கையும் அதே இடத்தில் இறங்கினால் அன்றைய கச்சேரி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே நாளில் மூன்று சபா ஏறி இறங்குவதைவிட ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்பது எவ்வளவோ மேல்.

கே: முழுக்கத் தமிழ்ப் பாட்டாகவே கேட்க வேண்டும் ஐயா.

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா ஆண்டுதோறும் அங்கேதான் நடக்கிறது. விடியற்காலையில் எழ முடியுமென்றால் மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும் போங்கள். தமிழ்க் கீர்த்தனைகள் பல இயற்றிய பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனையின் வழியில் இன்றும் கோஷ்டி பாடிக்கொண்டு வலம் வருகிறது. அதற்கு டிக்கெட்டும் கிடையாது, மேடையும் கிடையாது. கூடவே நடந்தால் போதும்.

கே: வாசலில் சிக்குக் கோலம் போட்டுப் பழகுகிறேன். கோடு விட்டு விட்டு விழுகிறது. இடைப்புள்ளிக்கு (ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி) வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கோடு அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். தண்ணீர் தெளித்ததும் போடாதீர்கள். தேங்கிய நீர் வடிந்து, தரை ஈரமாக மட்டும் இருக்கும்போது தொடங்குங்கள். வெறும் அரிசி மாவு மார்கழிப் பனியில் விரலில் ஒட்டிக்கொள்ளும். நான்கு பங்கு கோலப்பொடிக்கு ஒரு பங்கு மாவு கலந்தால் சீராக விழும், எறும்புக்கும் உணவாகும்.

15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என்றால் நடுவரிசை 15ஐ முதலில் வையுங்கள். பிறகு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என மாற்றி மாற்றி 14, 13 என்று குறைத்துக்கொண்டே 8 வரை போங்கள். மேல் பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுக் கீழே வந்தால்தான் சாயும். மொத்தம் 169 புள்ளி. எண்ணிப் பார்த்துவிட்டுக் கோடு இழுங்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் சிக்கு மூடாது.

கே: பிள்ளைகளோடு வேடந்தாங்கல் போகிறோம். எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

காலை 7 மணிக்குள், இல்லையேல் மாலை 4 மணிக்கு மேல். நடுப்பகலில் பல பறவைகள் இரைக்கு வெளியே போயிருக்கும். மாலையில் அவை கூட்டங்கூட்டமாகத் திரும்புவதைத்தான் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜிஎஸ்டி சாலையில் (திருச்சி நெடுஞ்சாலை) செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவை தங்காது.

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, முன்வில்லை 42 மி.மீ.) ஒன்று இருந்தால் குடும்பத்துக்கே போதும். அலகு நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தை குத்தி நாரை. மஞ்சள் அலகும் வாலருகே இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள் மூக்கு நாரை. தண்ணீரில் அலகை இடம் வலமாக வீசிக்கொண்டே நடப்பது கரண்டிவாயன்.

பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த ஊர்மக்கள்தான் முதலில் இந்த இடத்தைக் காத்தவர்கள். 1798இலேயே அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார்.

கே: அவ்வளவு தூரம் முடியாது. நகருக்குள்ளேயே?

பள்ளிக்கரணை சதுப்புநிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. காலை 6:30 முதல் 8:30 வரை நல்ல நேரம். வாகனத்தைச் சாலை ஓரத்தில் நிறுத்தி இறங்குவது ஆபத்து, சுற்றுச்சூழல் பூங்காவுக்குள் போய்ப் பாருங்கள்.

கே: ஆமை நடை (முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடப்பது) இந்த வாரமே போகலாமா?

போகலாம், ஆனால் ஆமை கண்ணில் படுமென்று உறுதியில்லை. பங்குனி ஆமைகள் அதிகம் கரையேறுவது பிப்ரவரி, மார்ச்சில்தான். ஒரே ஒரு இரவுதான் ஒதுக்க முடியுமென்றால் அப்போது போங்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் சுமார் 7 கி.மீ., நள்ளிரவில். சிறு பிள்ளைகளுக்கு அது கடினம். தன்னார்வலர்களோடு மட்டுமே போங்கள். டார்ச்சும் மொபைல் ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் முட்டையிட வந்த ஆமை இடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.