அடுத்த டரான்டுலா எது? கேள்வி பதில்

டரான்டுலா என்னும் முடி அடர்ந்த பெரிய சிலந்திகளில் ஒன்றோ இரண்டோ வளர்த்துப் பழகிவிட்டு, "அடுத்து என்ன வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கான சுற்று இது. நான் இருப்பது இங்கிலாந்தில். டரான்டுலா வளர்க்க இங்கே உரிமம் தேவையில்லை. உங்கள் ஊரில் சட்டம் எப்படி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரவீன், லெஸ்டர்: அண்ணா, என்னிடம் ஒரு கர்லி ஹேர், ஒரு சாக்கோ கோல்டன் நீ இருக்கின்றன. இரண்டும் பரம சாது. அடுத்து கூட்டி சஃபையர் வாங்க ஆசை. அந்த நீலத்தைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் கண்ணில் படவில்லை. வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி, ஆனால் அடுத்ததாக வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்களிடம் இருக்கும் இரண்டும் தரையில் வாழ்பவை, மெதுவாக நகர்பவை, பயந்தால் பின்காலால் வயிற்று முடியை உதிர்த்துவிட்டு ஒதுங்குபவை. கூட்டி சஃபையர், அதாவது பொய்சிலோதீரியா மெட்டாலிகா, இந்த மூன்றிலும் நேரெதிர். மரத்தில் வாழ்வது. மூடியைத் திறந்தால் எந்தப் பக்கம் போனது என்று தேட வேண்டியிருக்கும். அதற்கு அரிப்பு முடி கிடையாது. ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். விஷமும் வேறு ரகம். பொய்சிலோதீரியா கடித்து யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் கடித்த இடத்தில் வலி, பிறகு உடம்பெல்லாம் தசைப்பிடிப்பு, அது அடங்கி மறுபடி சில நாள் கழித்துக்கூட வரும். விஷமுறிவு மருந்து இல்லை, வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மட்டும்தான் மருத்துவமனையில் சிகிச்சை தர முடியும்.

என் கணக்கு எளிது. ஒரு தடவைக்கு ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இப்போது வேகத்தை மட்டும் கூட்டுங்கள்: ஜிபிபி (கிரீன் பாட்டில் ப்ளூ) என்று எல்லோரும் சொல்லும் க்ரோமாடோபெல்மா. அதற்கு அரிப்பு முடி உண்டு, விஷம் லேசு, ஆனால் சுறுசுறுப்பு. ஒரு வருடம் அதோடு பழகியபின் சால்மோபியஸ் இர்மினியா அல்லது கேம்பிரிட்ஜி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிலந்திகளில் அரிப்பு முடி இல்லாத சிலவற்றில் இவையும் சேர்த்தி. மரவாழ்வு, மின்னல் வேகம், முடி இல்லை, விஷமும் கொஞ்சம் கூடுதல். இதைப் பதறாமல் பெட்டி மாற்றப் பழகினீர்கள் என்றால் கூட்டிக்குத் தயார். அப்போதும் குஞ்சாக வாங்குங்கள். அது வளர வளர உங்கள் கையும் பழகும்.

அந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைப் புது இனமாக விவரித்தபோது மாதிரி கிடைத்தது ஆந்திராவின் கூட்டி ரயில் நிலைய மரக்கட்டைக் கிடங்கில். பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையான வீடு அங்கிருந்து தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு. நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2001-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். பரவியிருக்கும் நிலப்பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனம். காட்டில் இந்த நிலை. ஐரோப்பாவிலோ வளர்ப்பில் பிறந்த குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே அவசரம் வேண்டாம், எங்கும் ஓடிப்போகாது.

கவிதா, ஒஸ்லோ: ஜிபிபி வாங்க முடிவு செய்துவிட்டேன். ஈரப்பதம் 60 சதவீதம் என்கிறார்கள், 70 என்கிறார்கள். இங்கே குளிர் வேறு. பெட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைக்கவா?

ஈரப்பத மானியைத் தூக்கிப் போடுங்கள். ஜிபிபியின் ஊர் வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பம். கள்ளியும் முட்புதரும் உள்ள வறண்ட நிலம். காய்ந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு தண்ணீர்க் கிண்ணம், போதும். குஞ்சாக இருந்தால் ஒரு மூலையை மட்டும் லேசாக நனைத்து வையுங்கள். குச்சி, மரப்பட்டை என்று வலையைக் கட்ட நிறைய பிடிமானம் கொடுத்தால் ஒரு மாதத்தில் பெட்டியையே பட்டுத்துணியால் மூடிவிடும். இந்த இனத்தை வைத்திருப்பதன் சுகமே அதுதான்.

ஹீட் மேட் அடியில் கூடவே கூடாது. வெயில் சுட்டால் மண்ணுக்குள் இறங்குவது சிலந்தியின் சுபாவம். கீழேயிருந்து சூடு வந்தால் அது சூட்டை நோக்கியே தோண்டும். நீங்கள் வீட்டுக்குள் சட்டையோடு உட்கார முடிகிற வெப்பம் அதற்கும் போதும்.

சரவணன், திருத்தணி: சார், எங்க ஊர் பக்கம் ஒரு பழைய புளியமரத்துப் பொந்துல பெரிய சிலந்தி இருக்கு. காலுக்கு அடியில மஞ்சளும் கறுப்பும். படம் பார்த்தா பொய்சிலோதீரியா மாதிரியே இருக்கு. ஏற்கெனவே ஒரு கர்லி ஹேர் வளர்க்கிறேன். இதையே பிடிச்சு ரெண்டாவதா வச்சுக்கலாமா?

வேண்டாம் சார். நீங்கள் பார்த்தது பொய்சிலோதீரியா ரெகாலிஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த இனமும் 1899-இல் போகாக் விவரித்ததுதான், உங்கள் பக்கத்து அரக்கோணத்தில் கிடைத்த மாதிரியை வைத்து. ஆக, அது குடியிருப்பது அதன் சொந்த வீட்டில்.

காட்டில் பிடித்த சிலந்திக்கு வயது தெரியாது, உள்ளே ஒட்டுண்ணி இருக்கிறதா தெரியாது. பெண்ணாக இருந்தால் பொந்துக்குள் முட்டைப் பையோ குஞ்சுகளோ இருக்கலாம். ஒரு தாயை எடுத்தால் ஒரு மரத்தையே காலி செய்ததாகும். சட்டமும் இருக்கிறது: பொய்சிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-இலிருந்து சைட்ஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. இந்தியாவில் 2022-இல் திருத்திய வனவுயிர்ச் சட்டம் சைட்ஸ் இனங்களுக்கென்றே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அதில் வரும் அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ரெட் நீ போன்ற பிராக்கிபெல்மாக்களும் சைட்ஸில் வருபவை. நீங்கள் அடுத்து எதை வாங்கினாலும் பில், பிறப்பிட விவரம் இரண்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமேசுவரத்தில் பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்றொரு இனம் இருக்கிறது, கோயில் பேரையே வைத்தது, 2004-இல் விவரிக்கப்பட்டது. அதுவும் அழிவின் விளிம்பில். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து சிலந்தி வளர்க்கும் பலருக்கு மெக்சிகோ இனங்கள் பத்தின் பெயர் தெரியும், இது தெரியாது. உங்கள் புளியமரத்துக்கு இரவில் சிவப்பு விளக்கோடு போய் உட்காருங்கள். பெட்டிக்குள் காணாததை எல்லாம் காட்டும். ஊரார் அடித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நிமலன், டொரொன்டோ: அண்ணை, சின்ன அப்பார்ட்மென்ட்டில இருக்கிறம். என்னட்ட ஒரு ரோஸ் ஹேர் இருக்கு. இன்னொண்டு வேணும், ஆனா இடம் காணாது. மனுசிக்கும் பெரிய சிலந்தி எண்டால் பயம். சின்னனா, வடிவா ஏதும் இருக்கோ?

இருக்கு. ஹபலோபஸ் இனத்தில் கொலம்பியாவிலிருந்து வந்த பம்கின் பேட்ச் என்பதைப் பாருங்கள். கறுப்பு வயிற்றில் ஆரஞ்சுத் திட்டுகள், கால் விரித்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பசி எப்போதும் உண்டு, ஒளிந்தே கிடக்காது. சைரியோகோஸ்மஸ் எலிகன்ஸ் இன்னும் சிறியது, வயிற்றில் இதய வடிவம் இருக்கும்.

ஆனால் சின்னது என்றால் சாது என்று நினைக்க வேண்டாம். ரோஸ் ஹேர் ஒரு மாதம் அசையாமல் இருந்து உங்களைப் பழக்கியிருக்கும். இவை அப்படியல்ல. குஞ்சுப் பருவத்தில் எறும்பளவே இருப்பதால், காற்றோட்டத்துக்குப் போட்ட துளை வழியாகவே வெளியே வந்துவிடும். ஊசி முனை அளவுத் துளை போடுங்கள். பெட்டி மாற்றுவதை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். ஒன்று தப்பி சோபாவுக்கு அடியில் போனால் உங்கள் மனுசியிடம் நான் வந்து பேச முடியாது. கனடாவில் நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மீனா, சிங்கப்பூர்: இங்கே எந்த இனத்தில் ஆரம்பிக்கலாம்?

எதிலும் இல்லை. சிங்கப்பூரில் டரான்டுலா வளர்ப்பது சட்டவிரோதம். "நண்பர் வைத்திருக்கிறார்" என்பது பதில் ஆகாது.

ரவி, பர்மிங்காம்: உலகத்திலேயே பெரியதை வைத்திருக்க வேண்டும் என்பது சிறுவயது ஆசை. தெரஃபோசா?

காலை விரித்தால் ஒரு அடிக்குக் கிட்ட வரும், அதனால் ஆசை புரிகிறது. ஆனால் அந்த முடி இருக்கிறதே, டரான்டுலா முடியிலேயே மிக மோசமான வகைகளில் ஒன்று. பெட்டியைத் திறந்து மூடினாலே முன்கை தடித்துப்போகும் ஆட்களைத் தெரியும். மண் காய்ந்தால் தோலுரிக்கும்போது சிக்கிச் சாகும், ஈரம் தேங்கினாலும் கெடும்.

2009-இல் லீட்ஸில் ஒருவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிலந்தி உதிர்த்த முடி அவர் கருவிழிக்குள் குத்தி நின்றது. மருத்துவமனையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், லான்செட்டிலேயே வந்தது. அது தெரஃபோசா இல்லை, சாதாரண சிலி ரோஸ். அதற்கே அப்படி என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் நீளக் கையுறை, கண்ணாடி, தெரஃபோசாவிலும் பிளோண்டி இனத்துக்குப் பதில் ஸ்டிர்மி இனம். பெரிய உருவம் மட்டும்தான் வேண்டும் என்றால் பிரேசிலின் லாசியோடோரா பராஹைபானா போதும். அதுவும் முடி உதிர்க்கும், ஆனால் வளர்ப்பது எளிது, விலை பத்தில் ஒரு பங்கு.

செல்வி, கோலாலம்பூர்: அங்கிள், குஞ்சு வாங்குவதா பெரியதாக வாங்குவதா? ஆண் என்றால் சீக்கிரம் செத்துவிடுமாமே?

ஆமாம். ஆண் கடைசித் தோலை உரித்தபின் பெரும்பாலும் ஒரு வருடம்கூடத் தாங்காது. பெண்ணோ சில இனங்களில் இருபது, இருபத்தைந்து வருடம் இருக்கும். ரெட் நீ எனப்படும் பிராக்கிபெல்மா ஹமோரி பெண்ணை இன்று வாங்கினால் உங்களுக்கு நரைக்கும்போதும் அலமாரியில் இருக்கலாம். இதை வைத்து முடிவு செய்யுங்கள்: வேகமாக வளரும் ஜிபிபி, சால்மோபியஸ் மாதிரி இனங்களைக் குஞ்சாகவே வாங்கலாம், இரண்டு மூன்றாக வாங்கினால் ஒன்றாவது பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். கிராமோஸ்டோலா புல்க்ரா போல ஆமை வேகத்தில் வளர்வதை, உரித்த தோலை வைத்துப் பெண் என்று உறுதி செய்த நடுத்தரப் பருவத்தில் வாங்குங்கள். விலை கடிக்கும். ஆனால் ஏழு வருடம் சோறு போட்டு வளர்த்து, ஆண் என்று தெரிந்து நிற்பதைவிட மலிவு.

அதே செல்வி: புதிதாக வரும் நீலச் சிலந்திகளில் ஒன்று எடுக்கலாமா?

2023-இல் தாய்லாந்தின் பாங் நா சதுப்புக் காட்டிலிருந்து கிலோபிராக்கிஸ் நட்டானிசாரம் விவரிக்கப்பட்டது. அதற்கு முன்பே "எலக்ட்ரிக் ப்ளூ" என்ற வியாபாரப் பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அறிவியலுக்கு முன்னால் சந்தைக்கு வந்துவிட்டது என்றால் முதல் சிலந்திகள் எங்கிருந்து வந்தன என்பதை நீங்களே ஊகிக்கலாம். உங்கள் நாட்டு சரவாக்கில் 2019-இல் விவரிக்கப்பட்ட பிருப்பஸ் என்ற சிலந்தி, அனுமதி இல்லாமல் வெளியே போனதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது.

விற்பவரிடம் இரண்டே கேள்வி: யார் இனப்பெருக்கம் செய்தது, முட்டைப் பை எப்போது விரிந்தது. நேராகப் பதில் வந்தால் வாங்கலாம். "இறக்குமதி, நல்ல தரம்" என்று இழுத்தால் வேண்டாம். குஞ்சே இல்லாமல் பெரிய பெண்கள் மட்டும் பத்து விற்கிறார் என்றாலும் வேண்டாம்.

தினேஷ், பாரிஸ்: ஒரே பெட்டியில் இரண்டு வைக்கலாமா?

சில நாளில் ஒன்று கொழுத்திருக்கும், ஒன்று இருக்காது. யெமனின் சொகோத்ரா தீவிலிருந்து வந்த மோனோசென்ட்ரோபஸ் பல்ஃபோரி மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம், அதுவும் ஒரே பையில் பிறந்த குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால். அனுபவம் வந்தபின்.

ஜெயந்தி, க்ராய்டன்: அலமாரியில் ஒரே ஒரு இடம் மிச்சம். இருப்பவை எல்லாம் தரைச் சிலந்திகள். கரிபெனா வெர்சிகலர் நினைக்கிறேன். பலர் குஞ்சிலேயே சாகிறது என்கிறார்கள்.

நல்ல தேர்வு. உங்கள் அலமாரியில் இல்லாதது மரச்சிலந்திதான், இது அதிலும் சாதுவான மரச்சிலந்தி. மார்டினிக் தீவுக்காரி. குஞ்சில் முழு நீலம், வளர வளரப் பச்சையும் சிவப்பும் ஏறும்.

பெரும்பாலும் அவை சாவது புழுக்கத்தில். ஈரம் வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, காற்றே போகாத டப்பாவில் தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள். இரண்டு பக்கமும் துளை போடுங்கள், காற்று குறுக்கே போகட்டும். வாரத்துக்கு ஒருமுறை பக்கச் சுவரில் சில துளிகள், ஒரு சிறு தண்ணீர் மூடி, நிற்க வைத்த கார்க் பட்டை. அவ்வளவுதான். வீடு வந்த முதல் வாரம் சாப்பாடு போட வேண்டாம். மேலே வலைக்குழல் கட்டி உள்ளே போய் அடைத்துக்கொண்டால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம், தட்டிப் பார்க்காதீர்கள். உரித்து வெளியே வந்தபின் விஷப்பல் வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறும் வரை பூச்சி போடக் கூடாது. போட்டால் பூச்சிதான் சிலந்தியைத் தின்னும்.