விடுபட்ட பதிவுகளை இப்போது எழுதலாமா?

ஓசூரில் எண்ணெய்த் தளங்களுக்கான பாதுகாப்பு வால்வுகளைச் சோதித்துத் தரும் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மும்பை ஹை கடல் தளத்துக்கு முன்னறிவிப்பின்றி வந்த மத்திய அரசின் ஆய்வு அலுவலர் பட்டறையின் பணியாளர்களைப் பலர் முன்னிலையில் கடிந்து பேசினார் என்றும், இப்போது பட்டறையின் மூலச் சோதனைப் பதிவேட்டையே கேட்கிறார் என்றும் வருந்துகிறார். கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தளத்தை ஆய்வு செய்பவருக்கு ஓசூரில் என்ன அதிகாரம் என்பது அவர் கேள்வி. மூன்று வாரப் பதிவுகள் விடுபட்டுள்ளதால் அவற்றை நிரப்பி அனுப்பலாமா என்று கடைசி வரியில் கேட்கிறார்.

அந்தக் கடைசி வரிதான் உங்கள் வழக்கு. அலுவலரின் பேச்சும் முன்னறிவிப்பு இல்லாததும் உங்களுக்கு உதவப்போவதில்லை. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கிணற்றை நடத்துபவரிடம் மட்டுமன்றி அதனுடன் தொடர்புடையவரிடமும் உள்ள பதிவேட்டைக் கேட்டுப் பெற அதிகாரம் தருகிறது. வால்வுக்குச் சான்று கொடுத்தவர் தொடர்பில்லாதவர் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. பதிவேடு ஓசூரில் இருப்பது அதை மாற்றாது. அலுவலரின் கோரிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இனி நான் அஞ்சுவதைச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் விதிமீறலுக்குச் சிறை இல்லை. 25 லட்சம் ரூபாய் வரை பணத்தண்டம்தான். ஆனால் விடுபட்ட நாட்களுக்கு இன்று சோதனை முடிவு எழுதினால் அது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவின்படி பொய் ஆவணம் புனைதல் ஆகக்கூடும். பழைய ஏட்டை மறைத்தாலோ கிழித்தாலோ 241ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பணத்தோடு முடியக்கூடிய குறையை நீங்களே குற்றவியல் வழக்காக மாற்றிக்கொள்வீர்கள். கிருஷ்ணகிரியில் கல்குவாரி நடத்திய என் கட்சிக்காரர் ஒருவர், ஆய்வுக்கு முந்தைய இரவில் கல் அனுப்பிய கணக்கைக் காட்டும் ஆறு மாதப் பதிவேட்டை ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் எழுதி முடித்தார். குவாரிப் பிரச்சினை தண்டத்தொகையோடு தீர்ந்தது; அந்த ஏட்டுக்காக அவர் இன்னும் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்.

பதிவேட்டை உள்ளபடியே, பக்கங்களுக்கு எண்ணிட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்புகை பெற்றுக் கொடுங்கள். விடுபட்ட நாட்களைக் கடிதத்தில் நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனத்திடம், அந்த வாரங்களின் வால்வுகளை உங்கள் செலவில் மறுசோதனை செய்து தருவதாக எழுத்தில் கூறிச் சமரசமாகப் போங்கள். அந்த வால்வு உரிய அழுத்தத்தில் திறக்கும் என்று நம்பித்தான் தளத்தில் இருப்பவர்கள் உறங்குகிறார்கள்; ஆகவே மறுசோதனையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.