பச்சிரிசுவுக்கு உம்முடைய அணியில் வேலை இருக்கிறதா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் ஏ.எல். படிக்கிறேன். போக்கிமோன் ஸ்கார்லெட் வீடியோ கேமில் எனக்குப் பிடித்தது பச்சிரிசு என்ற மின் வகை அணில். டிசம்பர் விடுமுறையில் பம்பலப்பிட்டியில் ஒரு நண்பன் வீட்டில் டபுள்ஸ் (பக்கத்துக்கு இரண்டு நின்று ஆடும்) போட்டி வைக்கிறோம். ஆறு கொண்டுவந்து நாலைத் தெரிவு செய்து ஆடும் வழமையான முறைதான். என் அணி பச்சிரிசு, கார்சோம்ப், இன்சினரோர், கிங்கம்பிட், கோல்டெங்கோ, அமூங்கஸ். பச்சிரிசுவுக்குத் தண்டர்போல்ட் என்ற மின்சார அசைவும், அடியின் பலத்தைக் கூட்டும் லைஃப் ஓர்ப் என்ற பொருளும் கொடுத்து, ஸ்பெஷல் அட்டாக்கையும் ஸ்பீடையும் முழுதாக ஏற்றியிருக்கிறேன். முதல் டேர்னிலேயே விழுந்துவிடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் 2014இல் இதை வைத்துத்தான் ஒருவர் உலகச் சம்பியன் ஆனாராம். எங்கள் வட்டத்தில் கனபேர் ரேஜிங் போல்ட், அயர்ன் ஹேண்ட்ஸ்தான் கொண்டுவருவார்கள். பச்சிரிசுவை வைத்திருக்கவா, விட்டுவிடவா?

பதில்: வைத்திரும் தம்பி. ஆனால் லைஃப் ஓர்ப்பைக் கழற்றும், தண்டர்போல்ட்டை மறக்கச் செய்யும், அமூங்கஸை வீட்டில் விடும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: இப்போது உம்முடைய அணியில் பச்சிரிசுவுக்கு என்று ஒரு வேலை இல்லை.

முதலில் அந்த 2014 கதை. வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க் பச்சிரிசுவோடு வென்றது உண்மைதான். படத்தை எல்லோரும் பகிர்கிறார்கள், அந்த அணியின் மற்ற ஐந்து பேரையும் யாரும் பார்ப்பதில்லை. கியாரடோஸ், டேலன்ஃபிளேம், கார்சோம்ப், கார்டிவுவார், கொதிடெல். இதில் கியாரடோஸும் டேலன்ஃபிளேமும் மின்சாரம் என்றாலே நடுங்குபவை. பச்சிரிசு அந்த அணியில் அடிக்க வரவில்லை. ஃபாலோ மீ போட்டு, பக்கத்தில் நிற்பவருக்கு வரவேண்டிய அடியைத் தன் பக்கம் இழுப்பதற்காக வந்தது. வந்த அடி மின்சாரமாக இருந்தால் வோல்ட் அப்சோர்ப் என்ற அதன் ஆற்றல் அதைக் குடித்து, எச்.பி.யில் (உயிர்ப் புள்ளிகளில்) கால்வாசியைத் திருப்பித் தந்துவிடும். அந்த வருடம் விதிகளின்படி காலோஸ் என்ற பிரதேசத்தின் பட்டியலில் உள்ளவற்றை மட்டும்தான் பாவிக்கலாம். அந்தப் பட்டியலில் அடியை இழுக்கக்கூடியவை கொஞ்சம்தான், கூடுதலாகப் புழங்கியது அமூங்கஸ். அமூங்கஸ் அடியை இழுக்கப் போடும் ரேஜ் பவுடர் புல் வகை எதிரிகளிடம் பலிக்காது, சேஃப்டி கொகிள்ஸ் அணிந்தவரிடமும் பலிக்காது. ஃபாலோ மீக்கு அந்தத் தடை இல்லை. ஆக, செஜுன் பார்க் தனக்குப் பிடித்த அணிலைத் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்வது பாதிக் கதைதான். அந்தப் பட்டியலில், அந்த இரண்டு பறத்தல் வகைகளுக்குப் பக்கத்தில் நிற்க அதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

கிரிக்கெட்டில் பின்னேரம் வெளிச்சம் மங்கும் நேரம் ஒரு பந்துவீச்சாளரை நைட் வாட்ச்மேனாக இறக்குவார்களே, அவரிடம் யாரும் சதம் கேட்பதில்லை. நீர் பச்சிரிசுவிடம் சதம் கேட்கிறீர்.

கணக்கைப் பாரும். பச்சிரிசுவின் அடிப்படை எண்கள்: எச்.பி. 60, அட்டாக் 45, டிஃபென்ஸ் 70, ஸ்பெஷல் அட்டாக் 45, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 90, ஸ்பீடு 95. மொத்தம் 405. அயர்ன் ஹேண்ட்ஸுக்கு 570, ரேஜிங் போல்ட்டுக்கு 590. 45 என்ற எண்ணை எவ்வளவு தீனி போட்டு வளர்த்தாலும் 50ஆம் லெவலில், ஸ்பெஷல் அட்டாக்கைக் கூட்டும் மொடெஸ்ட் சுபாவத்தோடு, 106க்கு மேல் போகாது. அந்த 106ஐயும் லைஃப் ஓர்ப்பையும் வைத்துக்கொண்டு, எச்.பி. முழுதாக ஏற்றிய ஒரு இன்சினரோருக்குத் தண்டர்போல்ட் அடித்தால் 202இல் 66 முதல் 78 வரை போகும். அதே பச்சிரிசு, ஒரு புள்ளிகூட அட்டாக்கில் போடாமல், சூப்பர் ஃபேங்கால் கடித்தால் 101 போகும். சூப்பர் ஃபேங் எதிரியிடம் மிச்சம் இருப்பதில் பாதியை எடுக்கும், கடிப்பவரின் பலத்தைக் கேட்பதே இல்லை. எச்.பி. 261 உள்ள அயர்ன் ஹேண்ட்ஸிடம் முதல் கடியிலேயே 130 போய்விடும். பத்துக்கு ஒன்று தவறலாம், பேய் வகையிடம் செல்லாது. உம்முடைய கோல்டெங்கோவைப் போன்றதை எதிரியும் வைத்திருந்தால் அதற்கு இதை அடிக்காதேயும்.

பலவீனமான எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இப்படியான அசைவுகளைத்தான். தன் சொந்த எண்களை நம்பாமல் வேலை செய்பவை. நைட் ஷேட் 50ஆம் லெவலில் எவர் அடித்தாலும் 50. ஃபௌல் பிளே எதிரியின் அட்டாக்கையே எடுத்து எதிரிக்கு அடிக்கும். ஃபாலோ மீ, டெய்ல்விண்ட் (தன் அணியின் ஸ்பீடைக் கூட்டுவது), ட்ரிக் ரூம் (மெதுவானவரை முந்தவிடுவது) மூன்றையும் 405 மொத்தம் உள்ளது செய்தாலும் 600 உள்ளது செய்தாலும் பலன் ஒன்றே.

இனி உயிரோடு நிற்கும் விஷயம். உம்முடைய பிரச்சினையின் அடி இதுதான், கொஞ்சம் நிதானமாக வாசியும். உம்முடைய பச்சிரிசுவின் எச்.பி. இப்போது 135. நண்பனின் ரேஜிங் போல்ட் மொடெஸ்ட் சுபாவத்தில் ஸ்பெஷல் அட்டாக் முழுதாக ஏற்றியது என்று வைப்போம். அதன் டிராகோ மீட்டியோர் உமக்கு 138இல் இருந்து மேலே அடிக்கும். அதாவது எந்த அதிர்ஷ்டம் இருந்தாலும் நீர் விழுவீர். இப்போது ஸ்பீடில் போட்ட 252 ஈ.வீ.யை (பயிற்சிப் புள்ளிகளை) எச்.பி.க்கு மாற்றும். 50ஆம் லெவலில் 252 என்பது 32 புள்ளி, எச்.பி. 167 ஆகும். மிச்சம் இருக்கும் 4ஐ ஸ்பெஷல் டிஃபென்ஸில் போட்டால் அது 111. அதே டிராகோ மீட்டியோர் இப்போது 136 முதல் 162 வரைதான். கிரிட்டிக்கல் ஹிட் விழாதவரை நீர் நிற்பீர். அதோடு அடித்தவரின் ஸ்பெஷல் அட்டாக் இரண்டு படி இறங்கிவிடும், லைஃப் ஓர்ப்புக்குப் பதிலாகக் கொடுக்கும் சிட்ரஸ் பெரி உமக்கு 41ஐத் திருப்பித் தரும், பக்கத்தில் நிற்பவர் அந்த டேர்ன் முழுக்கச் சுதந்திரமாக அடித்திருப்பார். 32 புள்ளிக்கு இவ்வளவு வித்தியாசம். ரேஜிங் போல்ட்டிடம் அதன் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் எனர்ஜி இருந்தாலோ, வெயில் அடித்தாலோ, டெரா மூலம் தன் வகையை டிராகனாக மாற்றினாலோ கதை வேறு. அப்போது, அந்த டேர்னின் அடியைத் தடுக்கும் புரொடெக்ட் போடும்.

மற்ற 252ஐ டிஃபென்ஸில் போடும், சுபாவம் டிஃபென்ஸைக் கூட்டும் இம்பிஷ். டிஃபென்ஸ் 134 வரும். ஜாலி கார்சோம்பின் டிராகன் கிளா, அதன் அட்டாக் முழுதாக ஏற்றியிருந்தாலும், 61 முதல் 73 வரைதான் எடுக்கும். இரண்டு தாங்கலாம். ஸ்பீடு 115இல் நிற்கும். அது போதும், ஃபாலோ மீ எப்படியும் முன்னால் போகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போகாது. முதல் டேர்னில் நீர் விழுவதற்கு இன்னொரு காரணம், இறங்கிய முதல் டேர்னில் மட்டும் பலிக்கும் ஃபேக் அவுட்டாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஃபாலோ மீயின் முன்னுரிமை இரண்டு, ஃபேக் அவுட்டுக்கு மூன்று. அயர்ன் ஹேண்ட்ஸ் ஒரு கைதட்டலில் பச்சிரிசுவைத் திகைக்க வைக்கும், ஃபாலோ மீ நடக்காது, பக்கத்தில் உள்ளவர் அடிவாங்குவார். கோவர்ட் க்ளோக் போட்டால் திகைப்பு வராது. ஆனால் ஒரு பொருள்தான் பிடிக்கலாம் என்பதால் சிட்ரஸ் பெரியை இழக்க வேண்டும். எதை எடுப்பது என்று நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கும். என்னிடம் கேட்டால் உங்கள் வட்டத்தில் சிட்ரஸ்தான். அயர்ன் ஹேண்ட்ஸ் முன்னால் நின்றால் முதல் டேர்னில் புரொடெக்ட் போட்டு ஃபேக் அவுட்டை வீணாக்கலாம். டிராகோ மீட்டியோர் வாங்கிய பிறகு எச்.பி.யைத் திருப்பிக் கொண்டுவர, மின்சார அடி வந்தால் தவிர உமக்கு வேறு வழி இல்லை.

ஃபாலோ மீ, சூப்பர் ஃபேங், புரொடெக்ட் மூன்றும் போக, நாலாவது அசைவு நஸில். தவறாமல் படும், பட்டவரை முடக்கும், முடங்கினவரின் ஸ்பீடு பாதியாகும். ஒரு விஷயத்தைக் கவனியும்: மின் வகைகள் முடங்காது. ரேஜிங் போல்ட், அயர்ன் ஹேண்ட்ஸ் இரண்டும் மின் வகை. ஆகவே நஸிலை அவற்றின் கூட்டாளிகளுக்கு வைத்திரும், அவை இரண்டுக்கும் சூப்பர் ஃபேங். தாக்காத அசைவுகளைத் தடுக்கும் டோண்ட் பட்டால் ஃபாலோ மீயும் புரொடெக்ட்டும் பூட்டப்படும், ஆனால் நஸிலும் சூப்பர் ஃபேங்கும் தாக்குதல் என்பதால் தொடர்ந்து ஓடும். இந்த நாலையும் ஒன்றாக வைப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இனி அமூங்கஸ். அடியை இழுக்க ஏற்கெனவே ஓர் ஆளை வைத்துக்கொண்டு, அதே வேலைக்குப் பலவீனமான இன்னோர் ஆளையும் வைப்பது ஏன்? அதைவிட மோசமானது, உம்முடைய ஐந்து பேரில் மின்சாரத்துக்குப் பயந்தவர் ஒருவர்கூட இல்லை. கார்சோம்புக்கு மின்சாரம் படவே படாது, அமூங்கஸுக்குப் பாதிதான் படும். வோல்ட் அப்சோர்ப்பைக் காசு கொடுத்து வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர். அமூங்கஸின் இடத்தில் கியாரடோஸைப் போடும். நீரும் பறத்தலும் சேர்ந்ததால் மின்சாரம் அதற்கு நாலு மடங்கு. உங்கள் வட்டத்தில் பாதிப்பேர் அதைக் கண்டதும் மின்சாரத்தைத்தான் அழுத்துவார்கள். அழுத்தட்டும், பச்சிரிசு குடிக்கும். கியாரடோஸ் அந்த நேரத்தில் அட்டாக்கையும் ஸ்பீடையும் கூட்டும் டிராகன் டான்ஸ் ஆடட்டும். மழை அணி பிடிக்கும் என்றால் பெலிப்பருக்கும் இதே நாலு மடங்குப் பயம் உண்டு, ஆனால் உம்மிடம் இருக்கும் மற்றவர்களோடு கியாரடோஸ்தான் பொருந்தும்.

கியாரடோஸுக்கு நிலம் படாது, பச்சிரிசுவுக்கு இருக்கும் ஒரே பலவீனம் நிலம். எர்த் பவர், ஹை ஹோர்ஸ்பவர் போல ஒருவரைக் குறிவைப்பது வரும் என்று தெரிந்தால் ஃபாலோ மீ போடாதேயும். தனியே விட்டால் கியாரடோஸ்மீது வீணாகப் போகும் அடியை நீரே இழுத்து வாங்கிக்கொள்வீர். எர்த்குவேக், ராக் ஸ்லைட் போல எல்லோர்மீதும் பரவுவதை ஃபாலோ மீ இழுக்கவே முடியாது. எதிரியின் ஆறில் நிலவகை இரண்டு தெரிந்தால் அந்த ஆட்டத்துக்குப் பச்சிரிசுவைத் தெரிவு செய்யவே வேண்டாம். ஆறில் ஒன்று என்பதற்காக நாலில் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு பரீட்சை வையும். போக்கிமோன் ஷோடவுன் என்ற இணையத்தளம் இலவசம், போன் பிரவுசரிலேயே ஓடும், டியூஷனுக்குப் போகும் பஸ்ஸில்கூட ஆடலாம். அதே அணியை இரண்டாக எழுதும்: ஒன்றில் பச்சிரிசு, மற்றதில் அதன் இடத்தில் ஓகர்போன் அல்லது பெண் இண்டீடீ. அவையும் ஃபாலோ மீ போடும், எண்களும் நல்லவை. ஒவ்வொரு ஆட்டமும் முடிய, வென்றீரா தோற்றீரா என்பதை விட்டுவிட்டு, பச்சிரிசு இருந்ததால் மட்டும் நடந்த ஒரு காரியத்தை எழுதும். மின்சாரம் குடித்தது, அயர்ன் ஹேண்ட்ஸைப் பாதியாக்கியது, இப்படி ஏதாவது. அடுத்தடுத்து பல ஆட்டங்களில் எழுத ஒன்றும் இல்லை என்றால், பிடித்த பொடியனாக இருந்தாலும் இந்தப் போட்டிக்கு ஓகர்போனை எடும்.

பச்சிரிசு சரிவராவிட்டால் இன்னும் சிறியவர்கள் இருக்கிறார்கள். முழுதாக வளராதவற்றுக்கு ஈவியோலைட் கொடுத்தால் இரண்டு டிஃபென்ஸும் ஒன்றரை மடங்காகும். டஸ்க்ளாப்ஸ், போரிகான்2, கிளஃபேரி எல்லாம் பெரிய போட்டிகளில் நிற்பது அதனால்தான். மர்க்ரோ பிராங்ஸ்டர் என்ற ஆற்றலால் டெய்ல்விண்ட்டைச் சாதாரண அசைவுகளுக்கு முன்னே போட்டுவிடும். அசுமரிலின் அட்டாக் வெறும் 50, ஹியூஜ் பவர் அதை இரட்டிப்பாக்கும். எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: இதன் சின்ன எண்ணை இந்த வேலை கேட்கிறதா? யூடியூபில் பார்க்கும் ஒன்றாம் லெவல் ரட்டாட்டா வித்தையை இங்கே தேடாதேயும். இப்போதைய போட்டி விதிகளில் எல்லாம் 50ஆம் லெவலுக்கு வந்துவிடும்.

வேலை தொடங்கமுன் உம்முடைய பச்சிரிசுவின் ஆற்றலைத் திறந்து பாரும். வோல்ட் அப்சோர்ப் அதன் மறைந்த ஆற்றல், சாதாரணமாகப் பிடித்ததில் ரன் அவேயோ பிக்கப்போதான் இருக்கும். அதை மாற்ற அபிலிட்டி பேட்ச் என்ற பொருள் ஒன்று வேண்டும், உயர்ந்த நட்சத்திர டெரா ரெயிட்டுகளில் கிடைக்கும். போட்டி வைக்கும் நண்பனிடம் ஒரு விஷயம் கேட்டு வையும்: அணித்தாளை எதிரிக்குக் காட்டி ஆடுவதா, மறைத்து ஆடுவதா? பெரிய நேரடிப் போட்டிகளில் இப்போது காட்டித்தான் ஆடுகிறார்கள். காட்டினால் உம்முடைய வோல்ட் அப்சோர்ப்பை எல்லோரும் வாசித்துவிட்டு மின்சாரத்தை அழுத்தாமல் விடுவார்கள், அதுவும் கியாரடோஸுக்கு லாபம்தான். மறைத்தால் முதல் ஆட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயமாக அழுத்துவார்.