சிறுவர் வழக்கு நடக்கும்போது நாங்கள் உள்ளே இருக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். என்னிடம் ரியூசன் படித்த 15 வயதுப் பையன் ஒருவனைப் பழைய இரும்பு திருடியதாகப் பொலிஸார் பிடித்து நீதவான் முன் முற்படுத்தினார்கள். 14 நாள் உள்ளே வைத்துவிட்டார்கள். அடுத்த தவணைக்கு நானும் எங்கள் மாதர் சங்கத்தில் இரண்டு பேரும் போய்ப் பின் வாங்கில் உட்கார்ந்தோம். அவனுடைய வழக்கு வந்ததும் பொலிஸ் சார்ஜன்ட் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் சாதாரண ஆட்களே நீதிமன்றத்தில் இருந்து, பிள்ளைகளை மறியலில் (வழக்கு முடியும்வரை காவலில்) வைக்கும் விசாரணைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்களாம். இங்கே அப்படிச் செய்ய முடியாதா? சார்ஜன்ட் செய்தது சரியா?

பதில்: டீச்சர், சார்ஜன்ட் பேசிய விதம் சரியாக இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உங்களை வெளியே அனுப்பியது சட்டப்படி சரி.

நீதிமன்றம் என்றால் யாரும் போய் இருக்கலாம் என்று நீங்கள் நினைத்ததிலும் பிழை இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும். குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்காக மட்டும் நீதிபதி ஆட்களை வெளியேற்றலாம். பிள்ளைகளுக்கு மட்டும் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் தனி ஒழுங்கு வைத்திருக்கிறது. சிறுவர் நீதிமன்றத்தில் நீதிமன்ற ஆட்கள், வழக்கின் தரப்பினர், அவர்களின் சட்டத்தரணிகள், சாட்சிகள், அந்த வழக்கோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோர் இருக்கலாம். உங்களைப் போன்ற பார்வையாளர் இருப்பதானால் நீதிமன்றம் விசேடமாக அனுமதிக்க வேண்டும். திருகோணமலையில் நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்கிறார். அதனால் பத்து மணிக்கு எல்லாரும் இருந்த அதே மண்டபம் பதினொரு மணிக்குப் பூட்டிய மண்டபம் ஆகிவிடும். பார்க்கிறவருக்கு இது விளங்காது, சார்ஜன்டும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த மறைப்பு பிள்ளையின் நன்மைக்குத்தான். பதினைந்து வயதில் கூட்டில் நின்றதை ஊர் முழுக்கப் பார்த்தால், நாளைக்கு விடுதலையானாலும் அவன் பெயர் போய்விடும். ஆனால் கதவைப் பூட்டினால் உள்ளே நடக்கும் பிழையும் சேர்ந்து மறைந்துபோகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லுசேர்ன் என்ற இடத்தில், தனியார் சிறுவர் மறியல் நிலையங்களோடு தொடர்புள்ளவர்களிடம் காசு வாங்கிய இரண்டு நீதிபதிகளின் கதை 2009இல் அம்பலமானது. ஒருவர் அற்பக் குற்றங்களுக்கெல்லாம் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பல பிள்ளைகளுக்குச் சட்டத்தரணியே இல்லை. கடைசியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை அழித்தது. அதனால் உங்கள் யோசனையை நான் குறைத்து மதிக்கவில்லை.

இங்கே அதற்கு வழி அந்த ‘விசேட அனுமதி’ என்ற சொற்களில்தான் இருக்கிறது. சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒன்றைக் கேட்கும் எழுத்து விண்ணப்பம்) போட்டு, நீங்கள் யார், ஏன் இருக்க விரும்புகிறீர்கள், எதைக் குறித்துக்கொள்வீர்கள், எதைக் குறிக்க மாட்டீர்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். நீதவான் மறுக்கலாம்; மறுத்தால் சண்டை பிடிக்காதீர்கள். அனுமதித்தால் பையனின் பெயர், பாடசாலை, ஊர், தகப்பன் பெயர் எதுவும் உங்கள் கொப்பியில் வரக்கூடாது. சிறுவர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பிள்ளையை அடையாளம் காட்டும் விவரத்தைப் பத்திரிகை வெளியிடுவதையே சட்டம் தடுக்கிறது. முகநூலில் போட்டால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். போனை எடுத்துப் பதிவு செய்யவே கூடாது. நீதிமன்ற அவமதிப்புக்கு இப்போது 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. பையனோடு பெரியவர்கள் யாரையும் சேர்த்துப் பிடித்தார்களா? பெரியவர்களோடு ஒன்றாகக் குற்றம் சாட்டினால் வழக்கு பொதுவாகச் சாதாரண நீதவான் நீதிமன்றத்தில்தான் நடக்கும். அப்போது நீங்கள் இருக்கலாம், நீதவான் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லாதவரை. அங்கேயும் பையனின் பெயரை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. மறியல் முடிவு பல நேரம் பின் வாங்கில் யார் இருந்தாலும் மாறாது. சனி, ஞாயிறு பிடிபட்டால் நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்துவார்கள். அங்கே வாங்கும் இல்லை, பார்வையாளரும் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் விடயம். கொலை போன்ற பாரதூரமான குற்றம், கெட்ட சகவாசத்திலிருந்து பிரிக்க வேண்டிய நிலை, நீதிக்குப் பாதகம் என்ற காரணங்கள் இல்லாவிட்டால், உடனே நீதிமன்றம் கொண்டுபோக முடியாத பிள்ளையைப் பொலிஸ் பொறுப்பதிகாரியே பிணையில் விட வேண்டும் என்கிறது அதே கட்டளைச் சட்டம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டமும் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆனால் பிணைக்கு ஆள் வேண்டும். தகப்பன் கடலுக்குப் போயிருப்பார், தாய்க்குப் பயம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் எடுத்துவர யாரும் இல்லை. இப்படித்தான் பிள்ளை உள்ளே போகிறான், நீதவான் கல்நெஞ்சர் என்பதால் அல்ல. ஓய்வூதியம் வாங்கும், ஊருக்குத் தெரிந்த உங்களைப் போன்ற ஒருவர் பிணையாளராக வர ஆயத்தம் என்றால், அது மூன்று பேர் கொப்பியோடு இருப்பதைவிடப் பலன் தரும்.

அப்புறம், பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தாயிடம் கேளுங்கள். பிணை இல்லாவிட்டாலும் அவனைச் சிறைக்கு அல்ல, சிறுவர் தடுப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். விதிவிலக்கு இருந்தாலும் குறுகியது. பொலிஸ் நிலையத்திலோ ஜீப்பிலோ உறவினரல்லாத வயது வந்த சந்தேகநபர்களோடு சேர்த்து வைக்கவும் கூடாது, ஒன்றாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் தவிர. இதில் பிழை நடந்திருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குத் தாய் எழுத்தில் கொடுக்கட்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், சட்டத்தரணி இல்லாவிட்டால் கடும் அநீதி ஏற்படும் என்ற நிலையில், குற்ற வழக்கில் பிள்ளைக்கு அரச செலவில் சட்டத்தரணி பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தரையும் அடுத்த தவணைக்கு முன் பார்த்துவிடுங்கள். பையனின் வீடு, படிப்பு பற்றி அவர் எழுதும் அறிக்கை பெரிதாகப் பேசும், நீங்கள் அவனுக்குப் படிப்பித்தவர் வேறு.

உங்கள் சங்கத்துக்கு இன்னும் கண்காணிக்க ஆசை என்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிழக்கு மாகாண நன்னடத்தைத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். போன வருடம் எத்தனை பிள்ளைகள் தடுப்பு இல்லத்தில் இருந்தார்கள், எத்தனை நாள், எத்தனை பேர் பிணையாளர் இல்லாமல் இருந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

அடுத்த தவணைக்குப் போகும்போது தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் உங்கள் இருவரிடமும் இருக்கட்டும்.