கைக்குள் வைக்கும் ஜடெல் கருத்தடைக் குச்சிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மஸ்கெலியா: ஜடெல் வைத்து நான்கு மாதம். மாதவிடாய் வரவில்லை. கெட்ட இரத்தம் வயிற்றில் தேங்கும் என்கிறார் மாமியார். உண்மையா அக்கா?

இல்லை தங்கச்சி. தோலுக்கடியில் வைத்த குச்சிகளில் உள்ள லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்க விடாது. சேராத இரத்தம் எங்கே தேங்கும்? வாந்தியோ தலைச்சுற்றோ இருந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ராகலை: எனக்கு நேரெதிர். வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் படுகிறது. கொழுந்து மலையில் துணி மாற்ற மறைவிடம்கூட இல்லை.

பலர் ஜடெலை எடுத்துவிடுவதற்கு முதல் காரணமே இதுதான். வைப்பதற்கு முன்பே இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அனுப்புவது பெரிய தவறு. முதல் ஆண்டில்தான் தொல்லை அதிகம், பிறகு பலருக்குத் தணியும். அதுவரை பொறுத்துக் கிடக்கத் தேவையில்லை. வயிற்றுப்புண் இல்லாதவர்களுக்கு மருத்துவர் ஐந்து நாள் ஐபுபுரோஃபென் கொடுப்பதுண்டு. இரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்காதீர்கள், உணவின் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. எதற்கும் சரிவரவில்லையா, எடுத்துவிடச் சொல்லுங்கள். "ஜடெல் வேலை செய்யும் ஐந்து வருடமும் முடியட்டும்" என்று உங்களைத் திருப்பியனுப்ப யாருக்கும் உரிமையில்லை. உடம்பு உங்களுடையது.

பதுளை: உண்மையிலேயே கர்ப்பம் தங்காதா?

முதல் ஆண்டில் 1000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் தங்கும். கருத்தடை மாத்திரையில், மறதியும் சேர்வதால், 100 பேரில் சுமார் 7 பேருக்கு. ஆனால் காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடோயின் ஆகியவை ஜடெலின் பலனைக் குறைக்கும். அவற்றை எடுப்பவர்கள் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பண்டாரவளை: எடுத்த பிறகு பிள்ளை தங்கத் தாமதமாகுமாமே?

அந்தப் பேச்சு மூன்று மாத ஊசியைப் பற்றியது. ஊசியை நிறுத்தினால் பல மாதங்கள் பிடிக்கலாம். ஜடெலை எடுத்தால் சில நாட்களிலேயே மருந்து இரத்தத்திலிருந்து நீங்கிவிடும், அடுத்த மாதமே கர்ப்பம் தங்கலாம்.

ஹட்டன்: தலைவலி, எடை கூடுதல், முகப்பரு?

மூன்றும் சிலருக்கு வரும். மார்பக வலியும் மனச்சோர்வும் வரலாம். பார்வை மங்கும்படி தலை வலித்தாலோ, அடிவயிறு கடுமையாக வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுவரெலியா: வைத்த மறுநாளே கூடை தூக்கலாமா?

இரண்டு மூன்று நாள் அந்தக் கையால் பாரம் தூக்காதீர்கள், காயத்துக் கட்டை நனைக்காதீர்கள். காயம் ஆறியதும் தடவிப் பாருங்கள். இரண்டு குச்சிகளும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஒன்று தட்டுப்படாவிட்டாலும் கிளினிக்கில் காட்டுங்கள், அதுவரை ஆணுறை பாவியுங்கள்.