திரைக்கு முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு

சென்ற இதழில், அக்காவும் நானும் பஸ்ஸில் கீர்த்தனைத் தொடுப்பு ஆடிக்கொண்டே வந்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கே: அது என்ன ஆட்டம்? கடைசி எழுத்தில் அடுத்த பாட்டை எடுப்பதா?

ப: அப்படியும் ஆடிப் பார்த்தோம். எதைப் பாடினாலும் ராமா, கிருஷ்ணா என்று ‘ஆ’வில் போய் நிற்கிறது. எங்கள் ஆட்டத்தில் பாட்டின் பொருள்தான் கொக்கி. அக்கா ‘மருகேலரா’ (ராகம் ஜயந்தஸ்ரீ) என்று ஆரம்பிப்பாள். ‘எதற்கு இந்த ஒளிவு மறைவு’ என்று தியாகராஜர் ராமனைக் கேட்கும் பாட்டு. நான் அவருடைய ‘தெர தீயக ராதா’வை (கௌளிபந்து) போடுவேன். திரையை விலக்கக் கூடாதா என்று திருப்பதிப் பெருமாளிடம் கேட்கிறார். அவர் சொல்லும் திரை சன்னதித் துணி அல்ல, தனக்குள்ளே இருக்கும் பொறாமை. இருக்கட்டும், ஆட்டத்தில் திரை திரைதான்.

உடனே அக்கா, நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியிடம் தாவி, ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ (பூர்விகல்யாணி) என்றாள். திருப்புன்கூரில் வெளியே நிற்கும் நந்தனுக்கு சன்னதி மறைக்கிறது, கொஞ்சம் நகரு என்று சிவன் நந்தியிடம் சொல்கிற பாட்டு! பெருமாளிடம் தெலுங்கில் கேட்டதற்குச் சிவன் தமிழில் ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்த இரண்டு ஸ்டாப் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

கே: நீங்கள் அக்காவை மடக்கியதே இல்லையா?

ப: ஒரே ஒரு முறை. அவள் ‘ஓ ரங்கசாயி’ (காம்போதி) என்றாள். கூப்பிட்டால் ‘ஓ’ என்று வரக்கூடாதா என்று தியாகராஜர் ஸ்ரீரங்கத்தில் கேட்டது. நான் ‘ஏன் பள்ளிகொண்டீர் ஐயா’ என்றேன். ராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் பாட்டு. விசுவாமித்திரர் சொன்னதைச் செய்து, அரக்கியைக் கொன்று, வில்லை முறித்து, அந்த அலுப்பில் படுத்தீரோ என்று அதே ரங்கநாதரைக் கேட்கும். மனுஷர் அசந்து தூங்குகிறார், எப்படி ‘ஓ’ என்பார்?

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கவிராயர் மறைந்தது 1779-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். கேள்வி கேட்டவர் சிறுவனாக இருந்தபோதே பதில் எழுதி வைத்தாயிற்று!

கே: ராகத்தின் பெயரை வைத்துத் தொடுக்கலாமா? நவக்கிரக கீர்த்தனைகளை வரிசையாகச் சொன்னால்?

ப: நவக்கிரகம் செல்லாது. ஞாயிறு, திங்கள் என்று கிழமை வரிசையில் முத்துசாமி தீட்சிதர் ஏற்கெனவே தொடுத்துக் கொடுத்துவிட்டார், உங்களுக்கு என்ன வேலை? ராகப் பெயரும் பொதுவாகக் கூடாது. காபி ராகத்தை வைத்து டிகாக்‌ஷன் ஜோக் அடிப்பவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு சுற்றுத் தடை உண்டு.

ஆனால் தியாகராஜரின் ‘நகுமோமு’வில் (ஆபேரி), உன் உத்தரவைக் கேட்டும் கருடன் வேகமாகக் கிளம்பவில்லையா, வானத்துக்கும் பூமிக்கும் ரொம்ப தூரம் என்று சொல்லிவிட்டானா என்று வருகிறதே, அதற்கு நான் கருடத்வனி ராகத்தில் ‘தத்வமெருக தரமா’ எடுத்தேன். த்வனி என்றால் ஒலி. சிறகுச் சத்தம் கேட்கிறது, கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். அக்கா ‘போங்காட்டம்’ என்றாள். அப்புறம் சிரித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டாள்.

கே: மகான்களின் பாட்டை வைத்து இப்படி விளையாடுவது மரியாதையா?

ப: திருவையாற்றுக்குத் தியாகராஜரைப் பார்க்கப் போன கோபாலகிருஷ்ண பாரதி, அங்கே சீடர்கள் ஆபோகி பாடுவதைக் கேட்டுவிட்டு, அதே ராகத்தில் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ கட்டிக்கொண்டு போய்ப் பாடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அவரே ஒரு தொடுப்பு ஆடியிருக்கிறார். நாங்கள் அவருக்கு முன்னால் கத்துக்குட்டிகள்.

கே: எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆட முடியுமா?

ப: எனக்கும் தெரியாது. ‘நகுமோமு’வை இருபது வருஷமாக முணுமுணுத்திருக்கிறேன், உள்ளே ஒரு கருடன் இருப்பது இந்த ஆட்டத்துக்காகப் பொருள் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கே: எந்தப் பாட்டில் ஆட்டம் முட்டி நிற்கும்?

ப: ‘குறை ஒன்றும் இல்லை’யில். ராஜாஜி எழுதியது. மற்ற பாட்டெல்லாம் வரவில்லை, பார்க்கவில்லை, பேசவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருக்க, இது ஒன்றுமே வேண்டாம் என்று கையை உதறிவிடுகிறது. அதற்கு மேல் என்ன கேட்பது? தோற்கிற நிலை வந்தால் அக்கா இதைத்தான் எடுப்பாள். போன வாரமும் எடுத்தாள். நான் விடாமல் முழுப் பாட்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனால் அந்தக் கண்ணன் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறான்! அதுவும் வேங்கடேசன்.

‘தெர தீயக ராதா’ என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.